ஃபார்ம் 1 போட்டு எஸ்பிஆர் பண்றது: அப்ரூவல் வரைக்கும், அதுக்கப்புறமும்

டெக்ஸாஸ்ல இருக்கேன், வீக்எண்ட் ஆனா ரேஞ்சுக்குப் போற பழக்கம், கையில இருக்குற ஏஆர்-15க்கு 10.5 இன்ச் பேரல் போட்டு கச்சிதமா ஆக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. ஆனா ரைபிள் பேரல் 16 இன்ச்சுக்குக் கீழ போனாலோ, மொத்த நீளம் 26 இன்ச்சுக்குக் கீழ போனாலோ அது எஸ்பிஆர், அதாவது ஷார்ட் பேரல்ட் ரைபிள்னு 1934 நேஷனல் ஃபயர்ஆர்ம்ஸ் ஆக்ட்டுக்குள்ள வந்துடும், நாம வெறுமனே அப்பரை (பேரல் இருக்குற மேல் பாதி) கழட்டி மாத்துறதைக்கூட சட்டம் "புதுசா தயாரிக்கிறது"ன்னுதான் பாக்குது. அதனால முதல்ல ஏடிஎஃப்கிட்ட (துப்பாக்கி சட்டத்தைப் பாத்துக்கிற ஃபெடரல் அமைப்பு) தயாரிக்க அனுமதி கேக்குற ஃபார்ம் 1க்கு அப்ரூவல் கைக்கு வரணும், அப்புறம்தான் ஸ்பேனரைத் தொடணும். வரிசை மாறிச்சுன்னா 10 வருஷம் வரைக்கும் ஜெயில், இதுல விளையாட்டே கிடையாது.

நம்ம ஆளுங்க நிறைய பேர் கேக்குறதால இதை முதல்லயே சொல்லிடறேன். ஹெச்1பி மாதிரி நான்இமிக்ரண்ட் விசாவுல இருக்குறவங்க துப்பாக்கி வச்சிருக்கிறதே ஃபெடரல் சட்டப்படி தடை, ஹன்டிங் லைசென்ஸ் மாதிரி ஒரு சில விதிவிலக்குதான் இருக்கு, அதை நம்பி இறங்குறதுக்கு முன்னாடி வக்கீலைப் பாருங்க. கிரீன் கார்டு, சிட்டிசன்னா ஃபெடரல் அளவுல இந்த விசா தடை கிடையாது. ஸ்டேட் சட்டம் தனி, கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி, நியூயார்க்ல சாதாரண ஆளுக்கு எஸ்பிஆர் கிடையாது, ஃபெடரல் பேப்பரை வச்சிக்கிட்டு அங்க ஒண்ணும் பண்ண முடியாது.

இப்படித் தயாரிக்கிறதுக்கு கட்டற வரி விஷயம். 1934லேர்ந்து 200 டாலர், அந்தக் காலத்துல ஒரு தாம்சன் சப்மெஷின் கன் விலையே கிட்டத்தட்ட அவ்வளவுதான், மக்கள் வாங்கவே கூடாதுன்னு வச்ச வரி. 2026 ஜனவரி 1லேர்ந்து எஸ்பிஆர், குட்டை ஷாட்கன், சப்ரஸர் (சத்தத்தைக் குறைக்கிற குழாய்) எல்லாத்துக்கும் அது பூஜ்யம், மெஷின் கன்னுக்கும் டிஸ்ட்ரக்டிவ் டிவைஸுக்கும் (கிரனேட் மாதிரி) மட்டும் அதே 200. வரி போயிடுச்சுன்னு ஃபார்மும் போயிடுச்சுன்னு நினைக்கிறவங்க இருக்காங்க, இல்லவே இல்ல, பதிவு அப்படியே இருக்கு.

ஃபார்மை என் பேர்ல போடுறதா, டிரஸ்ட் (துப்பாக்கியை ஒருத்தருக்கு மேல பொதுவா வச்சிக்கிற சட்ட ஏற்பாடு) பேர்லயான்னுதான் ரொம்ப யோசிச்சேன். தனி ஆளா போட்டா நான் கூட இல்லாதப்ப அது வீட்டுக்காரம்மா கையில இருக்கிறதே சிக்கல், டிரஸ்ட்னா அவங்களும் ரெஸ்பான்சிபிள் பர்சன், சட்டப்படி அவங்களும் வச்சிக்கலாம். முன்னாடியெல்லாம் தனி ஆளுக்கு ஊர் ஷெரிஃப் கையெழுத்து வேணும், டிரஸ்டுக்கு வேண்டாம், அதுக்காகவே டிரஸ்ட் போட்டாங்க. 2016 ஜூலைல 41எஃப் விதி வந்ததும் கையெழுத்து தேவையில்லாம போச்சு, ஷெரிஃபுக்கோ போலீஸ் சீஃபுக்கோ ஒரு காப்பி அனுப்பினா போதும், ஆனா டிரஸ்ட்ல இருக்குற ஒவ்வொருத்தரும் 5320.23 ஃபார்ம், போட்டோ, கைரேகை குடுத்தே ஆகணும். நாங்க ரெண்டு பேரும் குடுத்தோம். என் அபிப்பிராயத்துல குடும்பஸ்தனுக்கு டிரஸ்ட்தான் சரி.

ஃபார்ம்ல கவனம் வேண்டிய இடம் துப்பாக்கி விவரம். ஃபேக்டரி லோயர்னா (சீரியல் நம்பர் இருக்குற கீழ் பாதி) அதைச் செஞ்ச கம்பெனி பேரு, அதுல ஏற்கனவே இருக்குற சீரியல் நம்பர், அதையே எழுத்துக்கு எழுத்து போடணும், நாமளா புது நம்பர் குடுக்கக் கூடாது. நல்ல வெளிச்சத்துல லென்ஸ் வச்சி பாருங்க, சின்ன எழுத்துல பூஜ்யமும் ஓவும் ஒரே மாதிரி தெரியும். பேரல் நீளம் அளக்கறதுக்கு முறை இருக்கு, துப்பாக்கி காலியான்னு நல்லா பாத்துட்டு, போல்ட்டை மூடி, வாய்ப் பக்கமா ஒரு மரக்குச்சியை உள்ள விட்டு போல்ட் முகத்துல முட்டற வரைக்கும் தள்ளி, விளிம்புல கோடு போட்டு வெளிய எடுத்து அளக்கணும், தோட்டா உக்காருற சேம்பரும் அந்த நீளத்துல சேரும், பேரல் நுனியில கழட்டி மாட்டக்கூடிய மசில் டிவைஸ் சேராது. எனக்கு அப்பர் கையில இல்லாததால கம்பெனி சொன்ன நீளத்தைப் போட்டேன். ஏன் எதுக்குன்னு கேக்குற கட்டத்துல எல்லாரும் போடற மாதிரி சட்டபூர்வமான எல்லா உபயோகத்துக்கும்னு ஒரே வரி. கஞ்சா கேள்வியும் வரும், உங்க ஸ்டேட்ல அனுமதி இருந்தாலும் ஃபெடரல்ல தப்புதான்னு ஃபார்ம்லயே எழுதியிருக்கு.

காத்திருக்குற நேரத்துல குட்டை அப்பர் ஆஃபர்ல வந்துச்சு, ஃப்ரெண்டு ஒருத்தன் வாங்கி வச்சிக்கடான்னான், மாட்டாம வச்சிருந்தாலே பதிவில்லாத எஸ்பிஆர் வச்சிருக்கறதா பாத்துடுவாங்களோன்னு நான் வாங்கல. 1992ல தாம்சன்/சென்டர் வழக்குல சுப்ரீம் கோர்ட் அந்த கம்பெனிக்கு சாதகமா தீர்ப்பு சொன்னதுக்கு முக்கியமான காரணம், அவங்க வித்த, பிஸ்டலை ரைபிளா மாத்துற கிட்ல இருந்த பார்ட்ஸை சட்டப்படியான துப்பாக்கியாவும் மாட்ட முடியும்ங்கறதுதான். என்கிட்ட இருக்கறது ஒரே ஒரு ரைபிள் லோயர், அந்த அப்பரை வேற எங்கயும் மாட்ட வழியில்ல, அப்புறம் எதுக்கு வம்பு.

அப்ரூவ்னு மெயில் வந்ததும் பிடிஎஃப்ல ஒவ்வொரு கட்டத்தையும் லோயரோட ஒப்பிட்டுப் பாத்தேன், சரியா இருந்துச்சு. அப்புறம் என்கிரேவிங். தயாரிக்கிறது டிரஸ்ட்ங்கறதால டிரஸ்ட் பேரு, ஊர், ஸ்டேட் பொறிக்கணும், ஆழம் குறைஞ்சது 0.003 இன்ச். துப்பாக்கி லைசென்ஸ் இருக்குற ஒரு கடையில லேசர்ல பண்ணிக் குடுத்தாங்க, மேல கறுப்பு கோட்டிங் இருக்குறதால அது மட்டும் சுரண்டி நின்னா ஆழமா கணக்காகாது, உலோகத்துக்குள்ள இறங்கணும், நகத்தை வச்சி இழுத்தா எழுத்து ஒவ்வொண்ணும் தட்டுப்படுது, பாக்கவும் நல்லா இருக்கு. லைசென்ஸ் இல்லாத டிராஃபி கடையில குடுக்கறதா இருந்தா கூடவே நின்னு முடிச்சி எடுத்துட்டு வரணும், ராத்திரி விட்டுட்டு வரக் கூடாது.

இப்ப அப்பருக்கு ஆர்டர் போட்டாச்சு. அப்ரூவல் காப்பி ஒண்ணு துப்பாக்கி பையில, ஒண்ணு போன்ல, ஒரிஜினல் பெட்டியில. ஆர்கன்சாஸ்ல ஒரு மேட்ச் இருக்கு, எஸ்பிஆரை ஸ்டேட் தாண்டி கொண்டு போக முன்கூட்டியே 5320.20 அனுமதி வேணும், சப்ரஸருக்கு வேண்டாம், அந்த ஃபார்மை நேத்து அனுப்பிட்டேன், அது வரலைன்னா மேட்சுக்கு 16 இன்ச் பேரலோட சாதாரண ரைபிளை எடுத்துட்டுப் போறதுன்னு முடிவு.