முதலில் புகையிலை, பிறகுதான் திகதி

ஓகஸ்ட் கடைசியிலேயே எங்கள் சுவரொட்டி தயாராகிவிட்டது. ரொறன்ரோவில் நான் படித்த பல்கலைக்கழகத்தில் ஒன்பது மாணவர்கள் சேர்ந்து, செப்டெம்பர் கடைசி வாரத்தைப் பூர்வகுடிப் பண்பாட்டு வாரமாக நடத்த முடிவெடுத்திருந்தோம். மண்டபம் பதிவாகிவிட்டது, திகதி போட்டாகிவிட்டது, மாணவர் சங்கத்திடம் பணமும் கேட்டாகிவிட்டது. பேச வரவேண்டிய பெரியவரை மட்டும் இன்னும் கேட்கவில்லை. அவருக்கு நான்தான் ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒரு வாரமாகியும் பதில் இல்லை.

குழுவில் இருந்த, அனிஷினாபே என்ற பூர்வகுடியைச் சேர்ந்த தோழி இதைக் கேட்டுவிட்டு, "உங்கள் வீட்டுக் கலியாணத்துக்கு மூத்தவர்களை எப்படி அழைப்பீர்கள்?" என்றாள். வெற்றிலை பாக்கோடு வீடு தேடிப் போய்ச் சொல்வோம் என்றேன். "எங்களுக்குப் புகையிலை," என்றாள்.

புகையிலை, இனிப்புப் புல், சேஜ், சீடர் நான்கும் அனிஷினாபே மக்களுக்குப் புனித மூலிகைகள். பெரியவர் ஒருவரிடம் எதையாவது கேட்கப் போகிறவர் கொஞ்சம் புகையிலையைத் துணியில் முடிந்து கொண்டுபோய் நீட்டுவார். எதற்காக வந்தோம் என்பதைச் சொல்லவேண்டும். அவர் அதைக் கையில் வாங்கினால் சம்மதம். வாங்காவிட்டால் வற்புறுத்தக் கூடாது. இதையெல்லாம் கனடாவின் எல்லாப் பூர்வகுடிகளுக்கும் பொதுவான வழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் குழுவிலிருந்த, வடகோடிப் பூர்வகுடியான இனுயிற் மக்களைச் சேர்ந்த மாணவர், தங்களிடம் இந்தப் புகையிலை வழக்கம் இல்லை என்றார். அவர்களின் கூட்டங்களில் குல்லிக் என்ற கல்விளக்கை ஏற்றுவார்கள். அதனால் யாரை அழைக்கிறோமோ அவருடைய மக்களின் வழக்கத்தை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பேச வரவேண்டிய பெரியவர் ஓர் அம்மையார். தோழியோடு அவருடைய வீட்டுக்குப் போனேன். எழுபது வயதைத் தாண்டியவர். செப்டெம்பர் 30ஆம் திகதிக்கு ஏற்கெனவே நான்கு இடங்களில் கேட்டிருக்கிறார்களாம். அந்த ஒரு வாரம் முழுவதும் பள்ளிகள், வங்கிகள், அரச அலுவலகங்கள் என்று எல்லோருக்கும் பெரியவர்கள் தேவைப்படுகிறார்கள். மற்ற ஐம்பத்தொரு வாரங்களிலும் தொலைபேசி ஒலிப்பதில்லை என்றார். குறையாகச் சொல்லவில்லை, ஒரு தகவலாகத்தான் சொன்னார். எனக்குத்தான் முகம் சுட்டது. கடைசியில் புகையிலையை வாங்கிக்கொண்டு, மாலையில் இரண்டு மணிநேரம் வருவதாக ஒப்புக்கொண்டார்.

செப்டெம்பர் 30க்குப் பின்னால் இருக்கும் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1973இல் ஃபிலிஸ் வெப்ஸ்டாட் என்ற ஆறு வயதுச் சிறுமி, பாட்டி வாங்கிக் கொடுத்த புதிய செம்மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு, பிரிட்டிஷ் கொலம்பியாவில் வில்லியம்ஸ் லேக் அருகே, பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துத் தங்கவைத்த வதிவிடப் பள்ளி ஒன்றுக்குப் போனாள். முதல் நாளே சட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்டார்கள், திருப்பித் தரவேயில்லை. 2013இல் அவர் அதை வெளியே சொன்னதிலிருந்து செம்மஞ்சள் சட்டை நாள் தொடங்கியது. 2021 முதல் அதே நாள் கூட்டாட்சி அரசின் விடுமுறையாகவும் இருக்கிறது. 150,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் இந்தப் பள்ளிகளுக்குப் போனார்கள், போனவர்களில் பலர் திரும்பி வரவேயில்லை.

சட்டை வாங்குவதிலும் கவனம் வேண்டும். இணையத்தில் மலிவாகக் கிடைப்பவற்றில் பல, பூர்வகுடிக் கலைஞர்களின் படங்களைக் கேட்காமல் எடுத்து அச்சிட்டவை. நாங்கள் ஒரு பூர்வகுடிக் கடையில் வாங்கினோம். செப்டெம்பரில் அளவுகள் தீர்ந்துவிடும், ஜூலையிலேயே சொல்லி வையுங்கள்.

அடுத்தது நில ஏற்புரை. நிகழ்ச்சி தொடங்கும் முன்னர், யாருடைய நிலத்தில் கூடியிருக்கிறோம் என்று சொல்வது இங்கே வழக்கம். அதை வாசிக்கும் பொறுப்பு எனக்கு. பல்கலைக்கழகத்தின் வாசகத்தை அப்படியே எடுத்து, அனிஷினாபே, ஹோடெனொஷோனி, வெண்டாற் என்ற பூர்வகுடி மக்களின் பெயர்களைத் தவறில்லாமல் உச்சரிக்கப் பழகிக்கொண்டு போய் அம்மையாரிடம் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். "நல்லது. இதில் நீ எங்கே இருக்கிறாய்?" என்றார்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். ரொறன்ரோவின் பெரும்பகுதி, பிரிட்டிஷ் அரசு பூர்வகுடிகளிடமிருந்து நிலம் வாங்கிய 13ஆம் உடன்படிக்கைக்குள் வருகிறது. 1787இல் ஒரு பத்திரம், 1805இல் அதை உறுதிப்படுத்தி இன்னொன்று. மிசிசாகா என்ற பூர்வகுடி மக்களிடமிருந்து சுமார் 250,000 ஏக்கர். 1805இல் கொடுத்த தொகை பத்து ஷில்லிங். 2010இல்தான் கனடா அரசு அவர்களுக்கு 145 மில்லியன் டொலர் கொடுத்து அந்தக் கணக்கை முடித்தது. நகரத்துக்கு 1923ஆம் ஆண்டின் வில்லியம்ஸ் உடன்படிக்கைகளும் பொருந்தும். ஸ்காபரோவில் அப்பா இரண்டு வேலை செய்து கடன் கட்டிய வீட்டின் அடியில் இப்படி ஒரு பத்திரக் கதை கிடப்பது அதுவரை எனக்குத் தெரியாது. நான்கு வரியில் திரும்ப எழுதினேன்: என் பெற்றோர் யாழ்ப்பாணத்தில் வீட்டை விட்டுவிட்டு வந்தவர்கள், இங்கே எங்களுக்குக் கிடைத்த வீடு யாரோ இழந்த நிலத்தில் நிற்கிறது, அதைத் தெரிந்துகொண்டுதான் இன்று பேசுகிறேன். அம்மையார் ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

காகித வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சடங்குக்காகச் சேஜை எரித்துப் புகை காட்டுவதற்குக் கட்டடப் பராமரிப்புப் பிரிவிடம் முன்கூட்டியே படிவம் கொடுக்கவேண்டும். அந்த அறையின் புகை உணரியை அவர்கள் அந்நேரத்துக்கு நிறுத்திவைப்பார்கள். மூச்சுத் தொல்லை உள்ளவர்களுக்காகக் கதவில் அறிவிப்பும் ஒட்டவேண்டும். படிவத்தை நாங்கள் கடைசி நேரத்தில்தான் கொடுத்தோம், அனுமதி நிகழ்ச்சி நாள் காலையில்தான் வந்தது. பெரியவருக்குக் கொடுக்கும் மரியாதைத் தொகை இதைவிடச் சிக்கலானது. வழக்கமான வழியில் போனால், சமூகக் காப்புறுதி எண் முதல் வங்கி விவரம் வரை கேட்டு, ஆறு வாரம் கழித்துத்தான் பணம் கொடுப்பார்கள். அறிவைக் கொண்டுவந்து தரும் ஒருவரிடம் அந்தப் படிவத்தை நீட்ட எங்களுக்கு மனம் வரவில்லை. மாணவர் சங்கத்தோடு மூன்று முறை கதைத்து, அன்றைக்கே உறையில் வைத்துக் கையில் கொடுக்க வழி செய்தோம். அழைத்துவரக் கார், சாய்வுள்ள நாற்காலி, சூடான தேநீர், கூடவே இருக்க ஒருவர் என்று எல்லாம் ஒழுங்கு செய்தோம். கூடவே இருக்கும் அந்த உதவியாளரை ஒஷ்காபேவிஸ் என்பார்கள். அன்று அந்த வேலையைத் தோழி செய்தாள்.

அந்த வாரத்தில் என் மனதில் நிற்பது போர்வைப் பயிற்சிதான். 1996இல் பூர்வகுடி மக்கள் பற்றிய அரச ஆணைக்குழுவின் அறிக்கை வெளியான பிறகு உருவான பயிற்சி இது. தரையில் போர்வைகளை விரிப்பார்கள், அதுதான் நிலம். எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நிற்கவேண்டும். வரலாற்றை வாசிக்க வாசிக்கப் போர்வைகள் மடியும். நோய் வந்தது என்றதும் சிலர் இறங்கவேண்டும். உடன்படிக்கை, சட்டம், வதிவிடப் பள்ளி என்று வாசிப்பு போய்க்கொண்டே இருக்கும், கடைசியில் ஆளுக்கு ஒரு துண்டுதான் மிச்சம். பயிற்சி பெற்ற நெறியாளர் இல்லாமல் இதைச் செய்யவே கூடாது. முடிந்த பிறகு வட்டமாக உட்கார்ந்து பேசுவதற்கும் நேரம் வைக்கவேண்டும், ஏனென்றால் அந்த நிலையில் யாரையும் அப்படியே வீட்டுக்கு அனுப்ப முடியாது.

போர்வைகளை எங்கள் வீடுகளிலிருந்துதான் கொண்டுபோனோம். ஆறு எங்கள் வீட்டுடையவை. கொண்டுவந்து தந்த அம்மாவும் நின்று கலந்துகொண்டா. 1995 ஒக்டோபரில் போருக்குத் தப்பி வலிகாமத்திலிருந்து சனத்தோடு சனமாக நடந்தவ. தன் போர்வையை மடித்தபோது அவ மறுக்கவில்லை, கால்களை ஒடுக்கிக்கொண்டு நின்றா. வட்டத்தில், பேசுபவர் கையில் வைத்திருக்கும் இறகு அவவின் கைக்கு வந்தது. சற்று நேரம் வைத்திருந்துவிட்டு, ஒன்றும் பேசாமல் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தா. அப்படிக் கொடுப்பதும் அங்கே ஒரு பதில்தான்.

அம்மையார் எங்களிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். எங்கள் இறந்தவர்களைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போகாதீர்கள், உயிரோடு இருப்பவர்களின் சாப்பாட்டையும் மொழியையும் சிரிப்பையும் பாருங்கள் என்றார். அதனால் கடைசி நாளில் சோளம், அவரை, பூசணி சேர்த்த 'மூன்று சகோதரிகள்' சூப் வைத்தோம். சோளத்தண்டில் அவரைக்கொடி ஏறும், அவரை மண்ணுக்கு உரம் தரும், பூசணி இலை ஈரத்தைக் காக்கும். மூன்றையும் ஒன்றாக நடுவது ஹோடெனொஷோனி மக்களின் பழைய விவசாயம். அப்புறம் வட்ட நடனம். அறுபது பேர் கைகோத்து ஆடினார்கள். எதிரே நின்றவர்களுக்கு அனிஷினாபே மொழியில் 'மீக்வெச்' என்று நன்றி சொல்லக் கற்றுக்கொண்டார்கள்.

இந்த ஆண்டு ஜூன் மாதமே புகையிலை முடிச்சோடு போனோம். மண்டபமும் பதியவில்லை, சுவரொட்டியும் அடிக்கவில்லை. செப்டெம்பர் 30க்கு அவர் தன் சொந்த ஊருக்குப் போகப்போவதாகச் சொன்னார். எங்கள் வாரம் ஒக்டோபர் நடுவில் நடக்கிறது.