நகரசபைக்குப் போன கோழிக்கொண்டைப் பூ

நெதர்லாந்தில் கல்யாணம் என்றால் முதலில் நகரசபை, அதன் பிறகுதான் கோயில். நகரசபையில் பதிவு முடியாமல் எந்த மதகுருவும் கல்யாணம் செய்துவைக்கக் கூடாது என்பது இந்நாட்டுச் சட்டம். அதனால் எங்கள் குடும்பங்களில் ஒரே கல்யாணத்துக்கு இரண்டு தரம் பூ வாங்க வேண்டியிருக்கிறது. கோயிலுக்கு மாலையும் கொண்டைமாலையும் உதிரிப் பூவும். நகரசபைக்குக் கையில் பிடிக்கும் பூச்செண்டு. மாலையைப் பற்றி யாரிடமும் ஆலோசனை கேட்கத் தேவையில்லை, கேளாமலேயே பத்துப் பேர் சொல்வார்கள். பூச்செண்டைப் பற்றிச் சொல்லித்தரத்தான் எங்கள் பக்கத்தில் ஓர் ஆச்சியும் இல்லை.

அண்ணன் மகளின் கல்யாணத்தில் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அவள் இங்கே பிறந்தவள். மாப்பிள்ளை டச்சுப் பையன். இவர்களிடம் பழைய வழக்கம் ஒன்று உண்டு. மணப்பெண்ணின் பூச்செண்டை மாப்பிள்ளைதான் வாங்கி, அவளை அழைத்துப்போக வரும்போது கையில் கொண்டுவர வேண்டும். ஆனால் அவளுடைய உடுப்பை அவன் முன்கூட்டிப் பார்க்கக் கூடாது. காணாத உடுப்புக்குப் பொருத்தமான பூவை அவன் எங்கே போய்த் தேடுவான்? பெண் வீட்டிலிருந்து ஒருவர் கூடப் போய், பூக்கடைக்காரரின் காதில் இரகசியத்தைப் போட்டுவிடுவதுதான் வழி. அண்ணி என்னைக் கைகாட்டினார். "நீதானே பூ வேலை செய்தவள்" என்றார்.

பூ வேலை! நான் செய்தது துலிப் கிழங்கு உரிக்கும் வேலை. 1990களில் இங்கே வந்து டென் ஹெல்டருக்குப் பக்கத்தில் வீடு கிடைத்தபோது, மொழி தெரியாதவளுக்கு அந்தப் பகுதியில் உடனே கிடைத்தது அதுதான். நாட்டின் வடக்கு முனையில், யூலியானாடோர்ப் பக்கமெல்லாம், கடற்காற்று அடிக்கும் மணல் நிலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் பூக்கிழங்கு வயல்கள். ஏப்ரலில் அவை சிவப்பு, மஞ்சள், ஊதா என்று பட்டை பட்டையாக மாறும். முதல் வருடம் பஸ் ஜன்னலோடு முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தேன். பூத்து நிறைந்ததும் ஓர் இயந்திரம் வந்து பூக்களின் தலைகளை எல்லாம் கொய்து வயலிலேயே சிதறிவிட்டுப் போனது. பூவையும் விதையையும் வளர்ப்பதில் சத்துப் போய்விட்டால் கிழங்கு பருக்காதாம். அந்த வயலில் விற்பனைக்கு விளைவது மண்ணுக்குள் இருப்பது. மேலே தெரியும் பூ அதற்கு இடைஞ்சல். சாமிப் படத்துக்கு ஒரு நந்தியாவட்டைக்காகப் பக்கத்து வளவு மதிலில் ஏறிய எனக்கு இந்தக் கணக்கு பிடிபட நெடுங்காலம் ஆயிற்று.

ஜூன், ஜூலையில் கிழங்கைக் கிளறி எடுத்துக் காயவைத்து, பழைய தோலையும் வேரையும் கையால் நீக்கி, குட்டிக் கிழங்குகளைப் பிரிக்க வேண்டும். பெட்டிக் கணக்கில் கூலி. எதிரே இருந்து உரித்தவர்கள் பெரும்பாலும் பள்ளி விடுமுறையில் வந்த பதின்வயதுப் பிள்ளைகள். அவர்களிடம்தான் டச்சு பேசப் பழகினேன். என் முதல் டச்சுச் சொற்களில் பாதியைச் சபையில் சொல்ல முடியாது. விரல் நுனிகள் சிவந்து தடித்து வெடிக்கும். துலிப் கிழங்கில் உள்ள ஒரு பொருள் தோலுக்கு ஆகாது. 'துலிப் விரல்' என்று அந்த ஒவ்வாமைக்குப் பெயரே இருக்கிறது. குளிர்காலத்தில் கண்ணாடிக் கூடங்களில் வேலை. கடையில் விற்கும் துலிப் அங்கேதான் விளைகிறது. மொட்டில் நிறம் இலேசாகத் தெரியும்போதே கிழங்கோடு பிடுங்கி, கிழங்கை வெட்டிவிட்டு, பத்துப் பத்தாகக் கட்ட வேண்டும். விரிந்துவிட்டால் விலை போகாது. ஆக, பூ வேலை செய்த காலமெல்லாம் நான் விரிந்த பூவைத் தொட்டதே குறைவு. அண்ணிக்கு இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? போனேன்.

கடைக்காரப் பெண்மணி முதலில் கேட்டது நிறத்தை அல்ல, மாதத்தை. செப்டம்பர் என்றான் பையன். அப்படியானால் பியோனியை மறந்துவிடுங்கள் என்றார் அவர். மருமகளின் மனதில் இருந்ததோ அதே பியோனிதான். பவள நிறத்தில் மொட்டாக வந்து, விரிய விரிய வெளுத்து, கடைசியில் வெண்ணெய் நிறமாகிவிடும் ஓர் இனம் உண்டு. படங்களில் பார்த்து மயங்கியிருந்தாள். அது மே, ஜூன் மாதத்துப் பூ. வேறு கண்டத்திலிருந்து தருவிக்கலாம், ஆனால் தங்க விலை.

எல்லா மாதமும் கிடைப்பது ரோசா. இங்கே விற்கும் ரோசாவில் பெரும்பங்கு கென்யாவிலும் எத்தியோப்பியாவிலும் விளைந்து விமானத்தில் வருகிறது. ஸ்கிப்போல் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஆல்ஸ்மேர் ஏல மண்டபம். அங்கே விலை ஏறாது, இறங்கும். கடிகாரம் உச்ச விலையில் தொடங்கிக் கீழே ஓடும். முதலில் பொத்தானை அழுத்துபவருக்குச் சரக்கு. கொஞ்சம் பொறுத்தால் மலிவாகக் கிடைக்கும், கூடப் பொறுத்தால் இன்னொருவன் கொண்டுபோய்விடுவான். யாழ்ப்பாணத்துப் பாசையூர் மீன் சந்தையில் கூறக் கூற விலை ஏறுவதைக் கேட்டு வளர்ந்த நான், ஒருமுறை அந்த மண்டபத்தின் பார்வையாளர் நடைபாதையில் நின்று பார்த்துவிட்டு, இந்த நாட்டுக்காரர்கள் எந்தச் சண்டையையும் ஏன் இவ்வளவு சத்தமில்லாமல் போடுகிறார்கள் என்று புரிந்ததாக நினைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் தாய் அனுப்பியிருந்த படங்கள் அத்தனையும் வெள்ளை. வெள்ளை ரோசா, வெள்ளை லில்லி, நடுவே சாம்பல் பச்சையில் யூக்கலிப்டஸ் இலை. அண்ணியின் உத்தரவோ ஒரே வசனம்: "வெள்ளை வேண்டாம், நிறமாக இருக்கட்டும்." என்னைக் கேட்டால் இந்த வெள்ளைப் பயத்துக்கு நியாயம் குறைவு. மல்லிகை என்ன நிறம்? யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக வெள்ளை உடுத்தி வெள்ளைப் பூவோடு தேவாலயத்துக்குள் நடந்திருக்கிறார்கள். ஆனாலும் வெள்ளை லில்லியையும் வெள்ளைச் செவ்வந்தியையும் இங்கே செத்த வீடுகளில் பார்த்துப் பழகிய கண்ணுக்குச் சமாதானம் சொல்ல முடியாது. பையனிடம் அதைச் சொல்லவில்லை. மகரந்தம் உடுப்பில் பட்டால் கறை போகாது, அதனால் லில்லி வேண்டாம் என்றேன். அதுவும் உண்மைதான், லில்லி கட்டுகிறவர்கள் மகரந்தப் பைகளை முதலிலேயே கிள்ளிவிடுவார்கள்.

அடுத்து அவன் நீலம் கேட்டான். நீல ரோசா சாயம் போட்டது. டெல்பினியம் உண்மையான நீலம்தான், ஆனால் நீளத் தண்டு. பூச்செண்டில் மற்றப் பூக்களுக்கு மேலே எட்டிப் பார்க்கும். கடைக்காரப் பெண்மணி எங்களை டாலியா வாளிகளுக்கு இழுத்துப் போனார். ஆகஸ்டிலிருந்து முதல் உறைபனி வரை இந்த நாட்டு வெளிநிலத்தில் நிறம் என்றால் டாலியாதான். பூர்வீகம் மெக்சிகோ. அதற்கு ஒரு குணம்: மொட்டாக வெட்டினால் பிறகு விரியாது. விரிந்த பின் வெட்டினால் சில நாள்தான் தாங்கும். பூக்கடைகளுக்கு இது தலைவலி, கல்யாணத்துக்கு இது குறையே இல்லை. நகரசபைச் சடங்கு தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடுகிறது. செம்மஞ்சள், கத்தரிப்பூ நிறம், இளஞ்சிவப்பு என்று எடுத்துவைத்தோம். அடர்சிவப்பில் ஒன்றிரண்டுக்கு மேல் வேண்டாம் என்றார் அவர். படத்தில் கறுத்துப் பள்ளமாகத் தெரியுமாம். பிறகு வந்த படங்களைப் பார்த்தபோது அவர் சொன்னது சரி என்று தெரிந்தது.

அப்போது பையன் ஒரு வாளிக்கு முன் நின்றுவிட்டான். சிவப்பும் மஞ்சளுமாக, இதழெல்லாம் மேல்நோக்கி வளைந்து நின்ற பூ. கார்த்திகைப்பூ. இங்கே கண்ணாடிக் கூடங்களில் வளர்த்து குளோரியோசா என்று விற்கிறார்கள். "மாமி, இதைவிட நிறமான பூ இந்தக் கடையில் உண்டா?" என்றான். 'மாமி' மட்டும் தமிழ், மிச்சம் டச்சு. அண்ணன் வீட்டுக் கூடத்தில் மாலை போட்டுத் தொங்கும் இளவயதுப் படத்தை அவன் பார்த்திருக்கிறான். மாவீரர் நாளான நவம்பர் 27இல் அந்தப் படத்துக்கு வைக்கிற பூ இது என்றேன். அவன் வேறு ஒன்றும் கேட்காமல் அடுத்த வாளிக்குப் போய்விட்டான். செங்காந்தள் என்ற பெயரில் இது தமிழ்நாட்டின் மாநிலப் பூ. சங்கப் பாட்டில் காதலுக்குரிய மலைநிலத்துப் பூ. சென்னைப் பெண் ஒருத்தி இதையே பிடித்துக்கொண்டு மணமேடைக்குப் போனால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். எங்கள் முன்வரிசையில் உட்காரப்போகிறவர்கள் வேறு ஆட்கள். போதாததற்கு அந்தச் செடி கிழங்கு முதல் பூ வரை நஞ்சு. கேக்கின் பக்கத்திலும் வைக்க முடியாது.

கோழிக்கொண்டைப் பூவைக் கண்டுபிடித்தது நான். கடும் இளஞ்சிவப்பில், வெல்வெட்டில் மடிப்பு மடிப்பாக, கைப்பிடி அளவில் தடித்த தலை. அதற்குப் பக்கத்திலேயே வாடாமல்லிகை. ஊரில் கோயில் வீதியிலும் வேலியோரத்திலும் தானாக முளைக்கிற இரண்டும் இங்கே தண்டுக்கணக்கில் விலை ஒட்டி, அலங்கார வெளிச்சத்தின் கீழே நின்றன. பையன் கோழிக்கொண்டையை விரலால் அழுத்திப் பார்த்து, மூளையைப் போல இருக்கிறது என்று முகத்தைச் சுளித்தான். கடைக்காரப் பெண்மணி ஒன்றும் பேசாமல் ஒரு செம்மஞ்சள் டாலியாவை அதன் பக்கத்தில் பிடித்துக் காட்டினார். அதோடு வழக்கு முடிந்தது. மருமகளின் உடுப்பு தந்த நிறத்தில், ஓரத்தில் மெல்லிய பொன் நூலோடு இருக்கிறது என்று நான் அவர் காதில் சொன்னபோது, தண்டைச் சுற்றும் நாடாவுக்கு அதே நிறத்தைக் குறித்துக்கொண்டார்.

கட்டும் விதத்தை அன்றுதான் கிட்ட நின்று பார்த்தேன். ஒவ்வொரு தண்டையும் முந்தியதன் மேல் ஒரே திசையில் சரித்து வைத்துக்கொண்டே கையில் செண்டைத் திருப்புகிறார்கள். தண்டுகள் சுருளாக நிற்க, ஒரே இடத்தில் ஒரு கட்டு போதும். நேராக அடுக்கினால் நடுவே நெரிந்து மேலே குடைபோல் விரியாது. மாலை கட்டும் கைக்கு இது சட்டென்று பிடிபடும். பாரம் இன்னொரு விடயம்: கோழிக்கொண்டை கனமான பூ. கையெழுத்துப் போடும் நேரத்தில் செண்டை வாங்கிப் பிடிக்க ஒரு தோழியை முன்பே நிறுத்திவையுங்கள் என்றார். சாட்சிகள் குறைந்தது இருவர், கூடினால் நால்வர். அவர்களில் ஒருத்தியிடம் அந்த வேலையைக் கொடுத்தோம்.

பூவின் விலைச்சீட்டைப் பார்த்த அண்ணன் கோழிக்கொண்டைக்கு எதிரே இருந்த தொகையை இரண்டு தரம் வாசித்தார். "ஆட்டுக்குக்கூடப் போடாத பூவுக்கு இவ்வளவு காசா?" வரியில் கை வைத்தபடி என்னைப் பார்த்தார். பணம் கொடுத்தது மாப்பிள்ளைதானே என்று அண்ணி அவரை அடக்கினார்.

கோயிலில் மாலைகள் கார்னேஷனில் கட்டியவை. தண்ணீரில்லாமல் நாள் முழுவதும் நிற்பதால் இங்கே மாலை கட்டும் எங்கள் பெண்கள் அதைத்தான் நம்புவார்கள். சிவப்புக்கு நடுவே வெள்ளைக் கார்னேஷன் இருப்பதைப் பார்த்த மாப்பிள்ளையின் தாத்தா, பந்தியில் என் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து 1940ஆம் ஆண்டைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அந்த மே மாதம் ஜெர்மன் படை நாட்டைப் பிடித்திருந்தது. ஜூன் 29 இளவரசர் பெர்ன்ஹார்டின் பிறந்தநாள். அவர் எப்போதும் சட்டையில் வெள்ளைக் கார்னேஷன் குத்துபவர். அன்று மக்களும் அதே பூவைக் குத்திக்கொண்டு தெருவில் இறங்கினார்கள், ஆக்கிரமிப்பாளருக்கு முகத்துக்கு நேரே காட்டிய எதிர்ப்பு அது. தாத்தா அப்போது சிறுவனாம். வெள்ளைப் பூ வேண்டாம் என்ற அண்ணியின் உத்தரவைப் பற்றி நான் அவரிடம் வாய் திறக்கவில்லை. அண்ணி சற்றுத் தள்ளி வடை பரிமாறிக்கொண்டிருந்தார்.

அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு பெண் பிள்ளை வைத்திருக்கும் எங்கள் ஆட்கள் எனக்குத் தொலைபேசி எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். நானும் மாதத்தைத்தான் முதலில் கேட்கிறேன். பிப்ரவரி, மார்ச் என்றால் ரனங்குலஸ், அனிமோனி, துலிப். துலிப் வெட்டிய பிறகும் வளர்ந்து வெளிச்சத்தின் பக்கம் வளையும் என்பதால் அன்று காலையில்தான் செண்டைக் கட்ட வேண்டும். ஜூலையில் ஹைட்ரேஞ்சியா கேட்டால், தண்ணீர் கொஞ்சம் குறைந்தாலும் தலை தொங்கும் என்று எச்சரிப்பேன். டிசம்பரில் அமரில்லிஸ்: தண்டு குழாய், தலை பாரம், உள்ளே ஒரு குச்சி செருகாமல் கையில் பிடிக்க முடியாது.

போன வாரம் ஒரு தாய் ஆகஸ்ட் கல்யாணத்துக்குத் துலிப்தான் வேண்டும் என்றார். மகள் நெதர்லாந்தில் பிறந்தவள், அதனால் துலிப் என்பது அவருடைய நியாயம். ஆகஸ்டில் துலிப் கிழங்குகள் தோல் உரிபட்டு, பெட்டிக்குள் அடுக்கிக் களஞ்சியத்தில் கிடக்கும் என்று சொன்னேன். டாலியா பாருங்கள் என்றேன். இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, கல்யாணத்தை ஏப்ரலுக்கு மாற்ற நல்ல நாள் இருக்கிறதா என்று ஐயரிடம் கேட்கப் போகிறாராம்.