39.95 டொலர்

கிளிநொச்சி பஸ் நிலையத்தில், உளவளத்துணை படிக்கிற ஒரு பிள்ளையின் போனில் இன்று பார்த்த எண் அது. ஒரேயொரு ஆய்வுக் கட்டுரையை வாசிக்கக் கேட்ட விலை. பிள்ளை திரையை அணைத்துவிட்டுப் பேசாமல் இருந்தா.

அணைக்க வேண்டாம், பிள்ளையள். காசு கட்டாமல் வாசிக்கவும் வழியிருக்குது.

கட்டுரையின் தலைப்பை மேற்கோள் குறிக்குள் போட்டு, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகிள் ஸ்கொலரில் தேடுங்கோ. கீழே 'எல்லாப் பதிப்புகளும்' என்று இருக்கும், அதைத் திறவுங்கோ. ஆசிரியர் தன் பல்கலைக்கழகத் தளத்தில் ஏற்றிய பிரதி பலமுறை அங்கேதான் கிடக்கும். பிறகு மருத்துவக் கட்டுரைகளை இலவசமாகத் தரும் பப்மெட் சென்ட்ரல், உளவியல் ஆய்வுகளுக்கான சைஆர்க்சிவ் (PsyArXiv) தளங்களிலும் தேடுங்கோ.

சைஆர்க்சிவில் மட்டும் கவனம். அங்கே அநேகமானவை, துறை அறிஞர்கள் சரிபார்க்கும் மதிப்பாய்வுக்கு முந்தைய வரைவுகள். அச்சான பதிப்பில் முடிவுகள் மாறியிருக்கலாம். இரண்டையும் ஒப்பிடாமல் மேற்கோள் காட்டாதேங்கோ.

ஒன்றும் கிடைக்கவில்லையா? ஆசிரியருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போடுங்கோ. கூச்சமே வேண்டாம், தங்கள் கட்டுரையைக் கேட்டால் அனேகர் சந்தோசமாக அனுப்புவினம்.

எழுதி வெளியிடப் போறவைக்கு: 'சில நாளில் பிரசுரம்' என்று தானாக வரும் மின்னஞ்சல் அழைப்பை நம்பாதேங்கோ. எவரும் இலவசமாக வாசிக்கக்கூடிய 'திறந்த அணுக்க' இதழ்களின் டிஓஏஜே (DOAJ) பட்டியலில் அந்த இதழ் இருக்குதா என்று முதலில் பாருங்கோ. பிரசுரக் கட்டணத்துக்கான விலக்கைக் கட்டுரை அனுப்பும்போதே கேட்கவேணும். ஏற்றுக்கொண்ட பிறகு கேட்டால் பல இதழ்கள் மறுத்துவிடும்.

போரில் இடம்பெயர்ந்த வன்னிச் சனத்தின் கூட்டு மனவடு பற்றி உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் எழுதிய ஆய்வு 2010இல் வந்தது. திறந்த அணுக்க இதழில். எங்கட சனத்தின் வலியை எங்கட பிள்ளையள் ஒரு சதமும் கட்டாமல், பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்திலேயே வாசிக்கலாம்.