பக்கத்து வீட்டு நாயும் திறந்து கிடக்கும் கேட்டும்

பக்கத்து வீட்டு நாய் மறுபடியும் கயிறு இல்லாமல் தெருவுக்கு வந்து, சைக்கிளில் போன ஒரு சிறுமியைத் துரத்தியது. கடிக்கவில்லை. ஆனால் அந்தக் குழந்தை இப்போது இந்தப் பக்கம் வரவே பயப்படுகிறாள். "அது ஒண்ணும் பண்ணாதுங்க" என்று நாயை வளர்ப்பவர் ஒவ்வொரு முறையும் சொல்வதுதான் எனக்குக் கோபம். அவரிடம் வாலாட்டும் நாய், தன் எல்லைக்குள் யாரோ நுழைவதாக நினைத்தால் வேறு மாதிரி நடந்துகொள்ளும். நாய்மேல் எனக்கு வருத்தமே இல்லை. கேட்டைத் திறந்து போடுவது அது இல்லையே.

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். நாய் பாய்ந்து வந்தால் ஓடக் கூடாது, ஓடினால் இன்னும் துரத்தும். கத்தாமல், அதன் கண்ணை முறைக்காமல், சற்றுப் பக்கவாட்டில் திரும்பி அசையாமல் நிற்க வேண்டும். பை, குடை எது கையில் இருந்தாலும் நாய்க்கும் தங்களுக்கும் நடுவில் பிடிக்கலாம். கீழே விழுந்துவிட்டால் சுருண்டு படுத்து, கழுத்தையும் காதுகளையும் கைகளால் மூடிக்கொள்ள வேண்டும்.

கடித்துவிட்டால், சின்னக் கீறல் என்றாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள். ரேபிஸ் அறிகுறி தெரிய ஆரம்பித்த பிறகு காப்பாற்றுவது அநேகமாக முடியாது. அதனால் தடுப்பூசியைத் தள்ளிப்போடவே வேண்டாம்.

நாயை வளர்ப்பவரிடம் நேரில் பேசியாயிற்று. இனி தேதி, நேரம், வீடியோவோடு எழுத்தில் கொடுக்கப்போகிறேன். அப்புறமும் கேட் திறந்தே கிடந்தால் உள்ளாட்சி நிர்வாகத்திடம் புகார்தான். அவர் என்னோடு பேசாமல் போனாலும் சரி. தெருவில் வேறு யாரையாவது இந்த நாய் துரத்தியிருந்தால் சொல்லுங்கள், புகாரில் உங்கள் கையெழுத்தும் வேண்டும்.