ஃபனூ வர்றார்: ஒரு ஓரியண்டேஷன் நாட்குறிப்பு

ஜூன் 18, 2024, செவ்வாய்

இந்த வருஷ லிஸ்ட் வந்திருச்சு. ஆறு பேர். கானாவுல இருந்து ஒரு ஜட்ஜ், இந்தோனேசியாவுல பேரிடர் மேலாண்மை ஆபீசர் ஒருத்தர், நேபாளத்துல குடிநீர் இன்ஜினியர், உக்ரைன்ல ஆஸ்பத்திரி நிர்வாகம் பாக்குற அக்கா, கொலம்பியாவுல பஸ் ரூட் போடுற பிளானர், உஸ்பெகிஸ்தான்ல ஸ்கூல் இன்ஸ்பெக்டர் அம்மா. இங்க யார் பேரும் எழுதப் போறதில்ல, ஊர் பேரை வச்சே ஓட்டிக்கிறேன்.

புதுசா படிக்கிறவங்களுக்காக: நான் இருக்குறது அமெரிக்காவுல, மின்னசோட்டா மாநிலத்து மின்னியாபொலிஸ்ல, ஒரு யூனிவர்சிட்டி ஆபீஸ்ல. வெளிநாட்டுல பத்து பதினஞ்சு வருஷம் வேலை பாத்து ஒரு நிலைக்கு வந்தவங்களை பத்து மாசம் இங்க கூட்டிட்டு வந்து, பிடிச்ச கிளாஸ்ல உக்கார வச்சு, கடைசியில ஒரு நல்ல ஆபீஸ்ல ஆறு வாரம் வேலை பழக விடுற புரோகிராம். ஹம்ஃப்ரி ஃபெலோஷிப் கேள்விப்பட்டிருப்பீங்க, கிட்டத்தட்ட அதோட தம்பின்னு வச்சுக்கங்க. ஹம்ஃப்ரி இந்த ஊர்ல பேர் வாங்குன ஆளுதான், மின்னியாபொலிஸ் மேயரா இருந்து செனட்டராகி வைஸ் பிரசிடென்ட் வரைக்கும் போனவரு, 1978 ஜனவரியில இறந்தாரு, அந்த வருஷமே அவர் பேர்ல அதை ஆரம்பிச்சுட்டாங்க. அதுலயும் டிகிரி கிடையாது, எங்களதுலயும் கிடையாது. ஒரு வருஷம் அமெரிக்கா போயிட்டு டிகிரி இல்லாம வந்தா மாமனார் என்ன சொல்லுவாருன்னு வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் கேக்காம இருக்க மாட்டாங்க.

புதுசா வர்றவங்களுக்கு ஊரைப் பழக்குற ஓரியண்டேஷனுக்குப் போன வருஷம் போட்ட ஸ்லைடை எடுத்துப் பாத்தேன். 62 ஸ்லைடு. பாதி பதினெட்டு வயசுப் பிள்ளைகளுக்குப் போட்டதை அப்படியே தூக்கி வச்சது. "ரூம்மேட்டோட சண்டை வந்தா என்ன செய்யணும்"னு ஒரு ஸ்லைடு. இதைப் போய் ஜட்ஜ்கிட்ட காட்டுறதா? ஊர்ல இவங்க உள்ள வந்தா நாலு பேர் எந்திரிச்சு நிப்பாங்க, இங்க வந்து இறங்குன நிமிஷத்துல இருந்து கிரெடிட் ஸ்கோர் கிடையாது, லைசென்ஸ் கிடையாது, பஸ்ல எப்படி ஏறுறதுன்னு கூடத் தெரியாது. அதுக்கு ஒரு ஸ்லைடு கூட இல்ல. டைரக்டர்கிட்ட சொன்னேன், "ஓகே, நீயே மாத்து"ன்னுட்டாங்க. வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டேன்.

ஜூலை 9, செவ்வாய்

முதல் ஜூம். எனக்கு காலைல 8, கொலம்பியாவுக்கும் 8, கானாவுல மதியம் 1, உக்ரைன்ல 4, உஸ்பெகிஸ்தான்ல 6, நேபாளத்துல 6:45, ஜகார்த்தா டைம்ல ராத்திரி 8. நம்ம ஊருக்கு பத்தரை மணி நேர வித்தியாசம்னா நேபாளத்துக்கு பத்தே முக்கால், அந்தக் கால் மணியில வருஷா வருஷம் ஒருத்தர் லேட்டா வருவாரு, ஆனா இந்தத் தடவை இன்ஜினியர் அஞ்சு நிமிஷம் முன்னாடியே வந்து உக்காந்திருந்தாரு.

இந்த மாதிரி புரோகிராம்ல வர்றவங்களுக்கான ஜே-1 விசா, அதுக்கு நாங்க கொடுக்குற டிஎஸ்-2019 ஃபார்ம், வெளிநாட்டுல இருந்து வர்றவங்களைப் பதிவு பண்ணுற செவிஸ் சிஸ்டத்துக்கு ஃபீஸ் 220 டாலர், விசா ஃபீஸ் 185, புரோகிராம் ஆரம்பிக்கிறதுக்கு 30 நாளைக்கு முன்னாடி உள்ள வர முடியாது, முடிஞ்சு 30 நாளுக்குள்ள கிளம்பணும், எல்லாம் கடகடன்னு ஓடிருச்சு. அப்புறம் அந்த ரெண்டு வருஷக் கதை, சட்டத்துல 212(ஈ)ன்னு ஒரு பிரிவு. கவர்மென்ட் காசுல வர்றவங்க முடிச்சதும் சொந்த நாட்டுல மொத்தம் ரெண்டு வருஷம் இருந்தாத்தான் அடுத்து ஹெச்-1பியோ கிரீன் கார்டோ வாங்க முடியும். டூரிஸ்டா வந்து போகலாம், அதுக்குத் தடை இல்ல. "நாங்க திரும்பிப் போகத்தான வர்றோம், எதுக்கு பயமுறுத்துறீங்க"ன்னு உஸ்பெக் அம்மா கேட்டாங்க. மத்த அஞ்சு பேரும் மைக்கை மியூட்ல போட்டுட்டு எதையோ குறிச்சுக்கிட்டாங்க.

இன்ஷூரன்ஸ் பேசும்போதுதான் கொஞ்சம் அமைதியாயிருச்சு. ரூல்படி ஒரு வியாதிக்கோ விபத்துக்கோ குறைஞ்சது 1,00,000 டாலர் கவரேஜ், சிகிச்சைக்காக ஊருக்குத் தூக்கிட்டுப் போக 50,000, இறந்துட்டா உடம்பை அனுப்பி வைக்க 25,000, நம்ம கைக்காசு ஒரு தடவைக்கு 500க்கு மேல போகக் கூடாது. அந்த மூணாவது வரியை எப்படிச் சொன்னாலும் அசிங்கமாத்தான் இருக்கு, நானும் இத்தனை வருஷத்துல எல்லா விதமாவும் சொல்லிப் பாத்துட்டேன். கொலம்பியாக்காரர்தான் காப்பாத்துனாரு: "அப்ப உயிரோட படுத்தா ஒரு லட்சம், செத்தா கால் லட்சமா? இருமிக்கிட்டே உயிரோட இருந்துர்றேன்." எல்லாரும் சிரிச்சாங்க. ஆஸ்பத்திரி அக்கா மட்டும் சிரிக்கல, பாலிசியில பல்லுக்கும் கண்ணுக்கும் உண்டான்னு கேட்டாங்க. இல்ல. அதுதான் உருப்படியான கேள்வி, வர்றதுக்கு முன்னாடியே பல்லையெல்லாம் பாத்துட்டு வாங்கன்னு சொன்னேன்.

ஜூலை 15, திங்கள்

இந்தோனேசியாக்காரருக்கு ஒரே ஒரு பேர். ஜாவா பக்கம் நிறைய பேருக்கு அப்படித்தானாம், அப்பா பேரும் இல்ல, குடும்பப் பேரும் இல்ல. நம்மாளுங்களுக்கு இதுல என்ன நடக்கும்னு சொல்லவே வேண்டாம். விசாவுல இருக்குற ஒத்தப் பேரை சர்நேம்ல போட்டுட்டு முன்பேர் இடத்துல எஃப்என்யூன்னு (FNU) அடிச்சுருவாங்க, ஃபர்ஸ்ட் நேம் அன்னோன். முதல் பேர் தெரியாதாம். யாருக்குத் தெரியாது? அவருக்கு நல்லாத் தெரியும்.

நான் 2011ல வந்தப்போ பாஸ்போர்ட்ல சர்நேம் காலி, விசாவுல எஃப்என்யூ, நாலு வருஷம் என் லைசென்ஸ்ல அதேதான். லைப்ரரியில இருந்து "டியர் எஃப்என்யூ"ன்னு லெட்டர் வரும். அதனால இவருக்கு ஒரு தனி மெயில் போட்டேன்: டிக்கெட்ல பாஸ்போர்ட்ல உள்ள மாதிரியே பேர் இருக்கணும், பேங்க்ல, வீட்டு லீஸ்ல, இன்ஷூரன்ஸ்ல எல்லாத்துலயும் ஒரே மாதிரி இருக்கணும், ஒரு இடத்துல மாறுனாலும் பின்னாடி அலைய விடுவாங்க. அவர் பதில்: "மேடம், எங்க ஊர்ல எரிமலை இருக்கு, நான் சமாளிப்பேன்." ஆள் யோக்யகர்த்தாவாம்.

ஜூலை 26, வெள்ளி

அஞ்சு பேருக்கு விசா கிடைச்சிருச்சு. நேபாள இன்ஜினியருக்கு 221(ஜி), மேல விசாரிக்கணும்னு ஒரு சீட்டு. எத்தனை நாளாகும்னு யாராலயும் சொல்ல முடியாது. புரோகிராம் தேதியைத் தள்ளி ஃபார்ம் மாத்துற வேலையை ஆரம்பிச்சேன். ராத்திரி அவரோட மெசேஜ்: பொண்ணுக்கு ஏழு வயசு, ஏர்போர்ட்டுக்குப் போட்டுட்டுப் போறதுக்கு வாங்குன புது ஃபிராக்கை இப்பவே போட்டுட்டுத் திரியுறாளாம்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஏர்போர்ட்டுக்கு மூணு டிரிப். உஸ்பெக் அம்மா பையில ஒரு பெரிய வட்ட ரொட்டி, உக்ரைன் அக்கா கையில ஒரே ஒரு பேக். ஜட்ஜ் ஐயா கோட்டு சூட்டோட இறங்குனாரு, பதினெட்டு மணி நேரத்துக்கு மேல பிரயாணம், டை கூட கழட்டல. பெட்டியில ஷிட்டோ, அதாவது கானாவுல செய்யுற கருப்பு மிளகாத் தொக்கு, ரெண்டு பாட்டில். சாப்பாட்டு ஐட்டம் எதுவா இருந்தாலும் டிக்ளேர் பண்ணுங்க, மறைக்காதீங்கன்னு ஜூம்ல படிச்சுப் படிச்சுச் சொன்னது வீண் போகல, பெட்டியைத் திறந்து காட்டி விளக்கிட்டு வந்திருக்காரு. இந்தோனேசியாக்காரரும் உண்மையைச் சொன்னாரு, அதான் மாட்டுக்கறி பொடி பாக்கெட் போயிருச்சு. மாமியார் செஞ்சு கொடுத்ததாம். ஃபைன் போடல, அதுவே பெருசு.

ரெண்டாவது டெர்மினலுக்கு ஹம்ஃப்ரி பேர் வச்சிருக்குன்னு காருல வரும்போது சொன்னேன். யாரும் கேக்கல, ரெண்டு பேர் தூங்கிட்டாங்க.

ஆகஸ்ட் 7, புதன்

இன்னைக்கு நான் பண்ணது தப்பு. எழுதி வைக்கிறேன், அடுத்த வருஷம் மறக்கக் கூடாது.

ஓரியண்டேஷன் முதல் நாள். மதியம் பீட்ஸா. மின்னசோட்டாவுல மாசத்தோட முதல் புதன் மதியம் ஒரு மணிக்கு டொர்னேடோ, அதாவது சுழல்காத்து வந்தா ஊதுற சைரனை டெஸ்ட் பண்ணுவாங்க, இங்க இருக்குறவங்களுக்கு அது காதுலயே விழாது, எனக்கும் விழுறதில்ல. அதைப் பத்தின ஸ்லைடு சாப்பாட்டுக்கு அப்புறம் வச்சிருந்தேன்.

சரியா ஒண்ணு. சைரன் ஊத ஆரம்பிச்சது. நான் பேப்பர் பிளேட்டை அடுக்கிட்டு இருக்கேன். திரும்பிப் பாத்தா உக்ரைன் அக்கா எந்திரிச்சு, பையைத் தோள்ல மாட்டி, ஜன்னல் பக்கம் இருந்து விலகி உள் சுவர் ஓரமா நிக்கிறாங்க. சத்தம் போடல, முகத்துல ஒண்ணும் தெரியல. பஸ் ஸ்டாப் எங்கன்னு கேக்குற மாதிரி கேட்டாங்க, "பங்கர் எந்தப் பக்கம்?" அவங்க ஊர் கார்கிவ், ரஷ்யாவோட போர்ல குண்டு விழுந்த ஊர். கடிச்ச பீட்ஸா துண்டு இன்னும் கையிலதான் இருந்துச்சு, கீழ விழாம ரெண்டா மடிச்சுப் பிடிச்சிருந்தாங்க.

"டெஸ்ட்தான், டெஸ்ட்தான், காத்துக்கு அடிக்கிறது"ன்னு நான் ஏதோ உளறுனேன். தலையாட்டிட்டு உக்காந்தாங்க. ஆனா சைரன் நிக்கிற வரைக்கும் பையைக் கழட்டல. எனக்கு அப்படியே நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு.

அப்ப இந்தோனேசியாக்காரர் எந்திரிச்சாரு, வேலையே பேரிடர்தானே. "சரி, நிஜமா அடிச்சா எங்க போகணும்? காட்டுங்க." ஸ்லைடுல இருக்குன்னேன். "ஸ்லைடு வேணாம், இடத்தைக் காட்டுங்க." ஆறாவது ஆள் இன்னும் வரல, அஞ்சு பேரும் நானும் படியில இறங்கி பேஸ்மென்ட்டுக்குப் போனோம். நானே அங்க போனதில்ல. பழைய நாற்காலி, ஒரு வாட்டர் ஹீட்டர், ஒரு கதவு பூட்டியிருந்துச்சு. "இந்தச் சாவி யார்கிட்ட இருக்கு?"ன்னு உக்ரைன் அக்கா கேட்டாங்க. தெரியாது. பில்டிங் மேனேஜருக்கு போன் போட்டு சாவி வாங்கித் திறந்து பாத்து, அப்புறம் லிப்ட் வேணாம் படிதான், ஜன்னல் இல்லாத இடம்தான்னு அவங்க ரெண்டு பேருமா எனக்கு கிளாஸ் எடுத்தாங்க. முக்கால் மணி நேரம் போச்சு. மதியத்துக்கு வச்சிருந்த 20 ஸ்லைடும் ஓடல.

ஆகஸ்ட் 9, வெள்ளி

வீடு தேடுற படலம். நான் ஜட்ஜ் ஐயாகூட போனேன். லீசிங் ஆபீஸ்ல ஒரு சின்னப் பொண்ணு, ரொம்ப மரியாதையாத்தான் பேசுச்சு, "உங்களுக்கு கிரெடிட் ஹிஸ்டரி இல்ல, உங்களுக்காகக் கையெழுத்துப் போட அப்பா அம்மாவோ வேற யாராவதோ இங்க இருக்காங்களா?"ன்னு கேட்டுச்சு. அவருக்கு 52 வயசு. ஊர்ல மை லார்டுன்னு கூப்பிடுவாங்க. ஒரு நிமிஷம் ஒண்ணும் பேசல. அப்புறம் மெதுவா, "என் அப்பா 1998ல இறந்துட்டாரு, அவர்கிட்ட கேக்க முடியாது"ன்னாரு. அந்தப் பொண்ணு சாரி சொல்லிட்டு அடுத்த கட்டத்துக்குப் போச்சு: அப்ப கூடுதலா ரெண்டு மாச டெபாசிட்.

வெளிய வந்து பெஞ்சுல உக்காந்தோம். நான் ஆறுதல் சொல்லலாம்னு வாயைத் திறந்தேன், அவரே சிரிச்சுட்டாரு. அவர் கோர்ட்ல ஜாமீனுக்கு வர்றவங்க எத்தனை பேரை "உனக்குக் கையெழுத்துப் போட யாரு இருக்கா"ன்னு கேட்டிருப்பாராம். கேட்டுட்டு அடுத்த கேஸுக்குப் போயிருவாராம். "அவங்க எங்க போய் உக்காருவாங்கன்னு நான் பாத்ததே இல்ல"ன்னாரு. கொஞ்ச நேரம் ரோட்டையே பாத்துட்டு இருந்தோம், பஸ் வந்துச்சு.

கடைசியில டிபார்ட்மெண்ட் லெட்டர், ஸ்டைபண்ட் லெட்டர் ரெண்டையும் ஏத்துக்கிட்ட ஒரு வயசான ஓனர் கிடைச்சாரு. ஆனா ஸ்டைபண்ட் இன்னும் வரல, எந்த ஆபீஸ்ல மாட்டிக்கிட்டு நிக்குதுன்னு எழுதுனா என் வேலை போயிரும். ஒரு மாசச் செலவுக்குக் கையில காசு கொண்டு வாங்கன்னு ஜூன்லயே சொல்லியிருக்கணும், 10,000 டாலருக்கு மேலன்னா கஸ்டம்ஸ்ல எழுதிக் கொடுக்கணும்ங்கறதையும் சேத்து. ஜூலைக் கடைசியிலதான் சொன்னேன்.

ஆகஸ்ட் 17, சனி

நேபாளக்காரர் புதன்கிழமை வந்து சேந்துட்டாரு. இன்னைக்கு எல்லாரையும் பழைய துணிக் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன், கோட்டு வாங்க. வெளிய வெயில் கொளுத்துது, உள்ள ஆறு பேரும் முழங்கால் வரைக்கும் கோட்டைப் போட்டுட்டு வேர்த்து வடிஞ்சுக்கிட்டு கண்ணாடி முன்னாடி நிக்கிறாங்க. இப்பவே எதுக்குன்னு கொலம்பியாக்காரர் கேட்டாரு. நல்ல கோட்டெல்லாம் அக்டோபர்ல போயிரும், அதான். 1991ல ஹாலோவீன் அன்னைக்கு, அதாவது அக்டோபர் 31, ஆரம்பிச்ச பனி இந்த ஊர்ல 28 இன்ச் கொட்டுச்சு, இங்க உள்ளவங்க அதை இன்னும் நேத்து நடந்த மாதிரி சொல்லுவாங்க. மைனஸ் நாப்பதுல ஃபாரன்ஹீட்டும் செல்சியஸும் ஒண்ணாயிரும், அந்தக் குளிர்ல கணக்கு மாத்துற வேலை மிச்சம்னு ஜோக் சொன்னேன், ஒருத்தரும் சிரிக்கல.

எல்லாரும் நேபாளக்காரரைக் கேட்டாங்க, உங்களுக்குப் பனி பழகியிருக்குமே, எந்தக் கோட்டு நல்லதுன்னு. "நான் ஜனக்பூர்ங்க. எங்க ஊர்ல மாங்காதான் கிடைக்கும், பனி கிடையாது. எவரெஸ்ட்டைப் போட்டோவுலதான் பாத்திருக்கேன்." கடைசியில உஸ்பெக் அம்மாதான் ஒவ்வொரு கோட்டோட லைனிங்கையும் விரலால உருட்டிப் பாத்து, தையலை விரிச்சு விரிச்சுப் பாத்து எல்லாருக்கும் எடுத்துக் கொடுத்தாங்க. ஜட்ஜ் ஐயாவுக்கு ஊதா கலர், 14 டாலர். வேற சைஸ் இல்ல.

ஆகஸ்ட் 23, வெள்ளி

ஸ்டேட் ஃபேர், அதான் மாநிலப் பொருட்காட்சி, நேத்து ஆரம்பிச்சாச்சு, குச்சியில செருகி எதை வேணா விக்கிறாங்க, செப்டம்பர் ஆரம்பத்துல வர்ற லேபர் டே வரைக்கும் ஊரே அங்கதான். நாங்க கேம்பஸ் கிளினிக்ல உக்காந்திருந்தோம். தடுப்பூசி ரெக்கார்டு கொடுத்தாத்தான் கிளாஸுக்கு ரிஜிஸ்டர் பண்ண விடுவாங்க, இந்தோனேசியாக்காரரோட பேப்பர்ல அம்மை ஊசி விவரம் இல்ல, அதனால ஊசி போட வந்தோம். வெயிட்டிங் ரூம் முழுக்க புது ஸ்டூடண்ட்ஸ்.

இங்க நர்ஸ் கதவைத் திறந்து முதல் பேரைத்தான் கூப்பிடுவாங்க. திறந்தாங்க. கையில இருந்த பேப்பரைப் பாத்து கொஞ்சம் திணறி, "ஃபனூ?"ன்னாங்க.

நம்மாளு எந்திரிச்சாரு. எதிர் வரிசையில ஒரு பையனும் எந்திரிச்சான், ஒல்லியா, முதுகுல பெரிய பேக். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. பையன் என்னைப் பாத்ததும், எப்படித்தான் கண்டுபிடிச்சானோ, தமிழ்லயே ஆரம்பிச்சுட்டான்: "அக்கா, சர்நேம் காலியா விட்டா ஒண்ணும் ஆகாதுன்னு ஏஜெண்ட் சொன்னாருக்கா." ஊர் எதுன்னு கேட்டேன், கோவில்பட்டியாம். இந்தோனேசியாக்காரர் அவன் தோளைத் தட்டிட்டு எங்கிட்ட, "உறவுக்காரப் பையனா?"ன்னாரு.

நர்ஸ் பேப்பரைத் திருப்பி பிறந்த தேதியைப் பாத்துட்டு, "1979 ஃபனூ மட்டும் வாங்க"ன்னாங்க.