ஆக்ஸில் உடைஞ்சா, உடைஞ்ச முனையைப் பாருங்க

லாரி லோடோட ஏத்தத்துல நின்னுச்சு, திரும்ப ஃபர்ஸ்ட் கியர் போட்டு கிளட்ச்ச விட்டேன், பின்னாடி டொக்குன்னு ஒரு சத்தம், இஞ்சின் ஓடுது, கியர் விழுது, வண்டி மட்டும் நகரல. தள்ளி நின்னு எட்டிப் பார்த்த கிளீனர் தம்பி "அண்ணே, பிராப்பல்லர் ஷாஃப்ட் சுத்துதுண்ணே"ன்னான், கியர்பாக்ஸ்ல இருந்து பின்னாடி போற தண்டு அது. அப்பவே தெரிஞ்சுபோச்சு, பின் வீல சுத்துற ஆக்ஸில் ஷாஃப்ட் போயிருச்சு. ஒரு பக்கம் உடைஞ்சாலே போதும், கிரவுன் (ரெண்டு வீலுக்கும் நடுவுல இருக்குற கியர் செட்டு) சுத்துறதெல்லாம் அந்தப் பக்கமே வீணாப் போயிரும், இன்னொரு வீலுக்கு இழுவையே கிடைக்காது. கால் பிரேக்க விடாம, தம்பிய நாலு வீலுக்கும் கட்டை போட வச்சுட்டுதான் இறங்கினேன்.

நம்ம லாரி ஃபுல் ஃப்ளோட்டிங், வெயிட்ட ஹவுசிங்கும் (ஷாஃப்ட்ட மூடியிருக்குற கூடு) ஹப் பேரிங்கும் தாங்கிக்கும், ஷாஃப்ட்டுக்கு வீல சுத்துற வேலை மட்டும்தான், அதனால வீல் கழண்டு ஓடல. வெயிட்டையும் ஷாஃப்ட்டே தாங்குற செமி ஃப்ளோட்டிங்கா இருந்தா ஷாஃப்ட்டோட சேர்ந்து வீலே வெளிய வந்திருக்கலாம்.

கழட்டுறது பெரிய வேலை இல்ல. நட்டெல்லாம் எடுத்துட்டு ஃபிளான்ஜ் (ஷாஃப்ட்டோட வெளி முனைத் தட்டு) நடுவுல பித்தளை சுத்தியால ரெண்டு தட்டு தட்டினா, நட்டுக்கு அடியில இறுகி இருக்குற கோன் வளையம் எல்லாம் லூசாகி வந்துரும். வெளிய வந்தது முக்கால் ஷாஃப்ட்தான். மீதி ஒரு சாண் நீளத்துண்டு உள்ள கிரவுன் பல்லுல இறுகி உக்காந்திருச்சு, காந்தம் விட்டா வழுக்குது. அப்புறம் நீளமான மெல்லிசு பைப்புக்குள்ள கட்டுக்கம்பிய ரெண்டா மடிச்சு விட்டு, நுனியில சுருக்கு மாதிரி வச்சு, டார்ச் வெளிச்சத்துல அந்தத் துண்டு மேல மாட்டி இறுக்கி, ஆட்டி ஆட்டி இழுத்தோம். ஒரு மணி நேரம் ஆச்சு, ஆனா கிரவுன இறக்காமயே வந்துருச்சு!

உடைஞ்ச முகத்த துடைச்சுப் பார்த்தா பாதி வழவழன்னு கருத்துப்போய், மரத்த அறுத்தா தெரியுற வளையம் மாதிரி கோடு கோடா இருக்கு, மீதி மட்டும் கற்கண்டு உடைச்ச மாதிரி புதுசா மினுக்குது. அப்படின்னா விரிசல் எப்பவோ விழுந்திருக்கு, அன்னைக்கு ஏத்தத்துல மிச்சமும் விட்டுருச்சு. அதனால நல்லா இருந்த பக்கத்தையும் உருவிப் பார்க்கணும்னு பிடிவாதமா நின்னேன். அதோட முனையில இருக்குற பல்லு நேரா இல்ல, முறுக்கின கயிறு மாதிரி சாஞ்சிருந்துச்சு. ரெண்டையும் மாத்திட்டோம்.

புதுச வாங்கினதும் பழசோட பக்கத்துல படுக்க வச்சு நீளத்தையும் பல்லு எண்ணிக்கையையும் பாருங்க, சில வண்டியில லெஃப்ட்டும் ரைட்டும் ஒரே நீளம் இருக்காது. கிரவுன் ஆயில முழுசா இறக்கிருங்க. டிரெய்ன் பிளக் காந்தத்துல மை மாதிரி தூள் இருந்தா பயமில்ல, சில்லு சில்லா இருந்தா கிரவுன திறந்தே ஆகணும், ஒரு சில்லு போதும் பல்ல கடிச்சுத் துப்ப. சீலும் பேக்கிங்கும் புதுசு போட்டு, பிரீதர் (ஹவுசிங் காத்து போற ஓட்டை) அடைப்ப எடுத்துட்டு, வண்டி சமமா நிக்கும்போது ஆயில் ஊத்தினோம்.

காலி வண்டிய கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்து நட்டுல ஸ்பேனர் வச்சேன், ரெண்டு நட்டு இன்னும் கால் சுத்து ஏறுச்சு. அதுக்கப்புறம்தான் லோடு ஏத்தினேன்.