ஒரு சாதிப் பெயரைப் பின்தொடர்ந்து படித்த அனுபவம்

"இந்தியாவில் அரசியலும் அரசும் சாதி அடையாளங்களை எவ்வாறு வடிவமைக்கின்றன?" என்பது, கோலாலம்பூரில் பல்கலைக்கழக இரண்டாம் ஆண்டில் நான் எழுதிய மாதிரித் தேர்வின் வினா. நான்கு வருணங்களில் தொடங்கி இட ஒதுக்கீட்டில் முடித்து ஆறு பக்கம் எழுதினேன். திரும்பி வந்த தாளின் ஓரத்தில், "இதில் அரசு எங்கே?" என்று மட்டும் விரிவுரையாளர் பென்சிலால் எழுதியிருந்தார். அதன் பிறகு நான் படித்த முறையை, இத்தாளை எழுதவிருக்கும் தம்பி தங்கைகளுக்காகப் பகிர்கிறேன்.

ஏதேனும் ஒரு சாதிப் பெயரை எடுத்துக்கொண்டு, அரசாங்க ஆவணங்களில் அது கடந்துவந்த வழியைப் பின்தொடருங்கள். நான் வன்னியரை எடுத்துக்கொண்டேன். 'பள்ளி' என்று பதியப்பட்டுவந்த அவர்கள், ஆங்கிலேய ஆட்சியின் 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே தங்களைச் சத்திரியராகப் பதியுமாறு மனுக் கொடுத்தனர். 1901இல் கணக்கெடுப்பு ஆணையர் ரிஸ்லி சாதிகளைச் சமூக மதிப்பின்படி வரிசைப்படுத்த முனைந்ததும் இத்தகைய மனுக்கள் நாடெங்கும் குவிந்தன. சாதிச் சங்கங்களும் பெருகின. 'சாணார்' 1921 கணக்கெடுப்பில் 'நாடார்' ஆனதும் அந்தக் காலத்தில்தான். ஆனால் 1987இல் வன்னியர் சங்கம் சாலை மறியலில் இறங்கியபோது அது கேட்டது தனி ஒதுக்கீடு. 1989இல் தமிழ்நாட்டு அரசு, வன்னியரை உள்ளடக்கிய மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் (ஆங்கிலேயர் காலத்தில் 'குற்றப் பரம்பரை' என முத்திரை குத்தப்பட்டிருந்தவர்கள்) 20 விழுக்காடு ஒதுக்கியது. ஒரே சமூகம் முதலில் உயர்வையும் பின்னர் பின்தங்கிய நிலையையும் நிலைநாட்ட வேண்டியிருந்ததற்குக் காரணம், அரசு கேட்ட கேள்வி மாறியதுதான். என் விடையின் நடுப்பகுதி முழுவதையும் இதற்கே கொடுத்தேன்.

இங்கே பலரும் சறுக்கி, சாதியே ஆங்கிலேயரின் கண்டுபிடிப்பு என்று எழுதிவிடுகிறார்கள். அது பிழை மட்டுமன்று, தீண்டாமையை அனுபவித்தவர்களுக்குச் செய்யும் அநீதியும் ஆகும். தீண்டாமைக்கு உள்ளான சாதிகளை ஒதுக்கீட்டுக்காகப் பட்டியலிட்ட, 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையைப் பாருங்கள்: அது பெரும்பாலும் இந்துக்களுக்கென்றே அமைந்தது, சீக்கியர் 1956இலும் பௌத்தர் 1990இலும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவராக மாறியவர் பட்டியலிலிருந்து வெளியேறுகிறார். ஊரும் தெருவும் அவரை அப்படி விட்டுவிடுவதில்லை. சட்டம் காணும் சாதிக்கும் வாழ்க்கையில் வதைக்கும் சாதிக்கும் உள்ள இந்த இடைவெளியை எழுதினால் விடைக்கு ஆழம் கிடைக்கும்.

மலேசிய மாணவர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு வீட்டிலேயே இருக்கிறது. என் பிறப்புச் சான்றிதழில் பெற்றோரின் இனத்துக்குக் கட்டம் உண்டு, சாதிக்கு இல்லை. ஆயினும் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்க வந்த தரகர், "நம்ம ஆளுங்கதானே?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார், அம்மா பதில் சொல்லாமல் தேநீர்க் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். அரசு கேட்காத இடத்திலும் சாதி திருமணப் பேச்சில் உயிரோடிருக்கிறது. ஆனால் அதற்குச் சான்றிதழும் இல்லை, ஒதுக்கீடும் இல்லை. இந்தியாவில் அரசு சாதியோடு எதைச் சேர்க்கிறது என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

பிற்படுத்தப்பட்டோருக்கான மண்டல் குழுவின் பரிந்துரையை நடைமுறைப்படுத்துவதாக 1990இல் இந்திய அரசு அறிவித்தது, மத்திய அரசு வேலைகளில் அவர்களுக்கு 27 விழுக்காடு, 1992 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு மொத்த ஒதுக்கீட்டுக்கு வைத்த 50 விழுக்காட்டு உச்சவரம்பு ஆகியவற்றை ஒரு பத்தியில் முடித்துவிடலாம், எல்லோரும் எழுதுவதுதான். அதில் மிச்சமாகும் நேரத்தை, 1931க்குப் பிறகு முதன்முறையாக முழுமையான சாதிக் கணக்கெடுப்பை நடத்த 2025 ஏப்ரலில் இந்திய அரசு எடுத்த முடிவுக்குக் கொடுங்கள்; நீங்கள் தேர்ந்தெடுத்த பெயர் அதில் எவ்வாறு பதியப்படுகிறது என்பதற்குக் குறிப்பேட்டில் ஒரு பக்கத்தை இப்போதே ஒதுக்கி வையுங்கள்.